பாதுகாப்பு அறையில் சேமிப்பகம், படுக்கையறையில் சின்னக் கணினி: உயர்தரப் படம் திணறாமல் ஓட என்ன வழி?

#1 செங்காங்வாசி

அனைவருக்கும் வணக்கம். பெற்றோரின் படுக்கையறைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றை ஒட்டி, லிப்ரெலெக் என்ற இயங்குதளத்தை நிறுவி, கோடி என்ற படம் ஓட்டும் செயலி வழியாகப் படம் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். படங்கள் என்ஏஎஸ் பெட்டியில், அதாவது வீட்டு வலையமைப்பில் இணைத்த வன்தட்டுச் சேமிப்பகத்தில், உள்ளன. அந்தப் பெட்டியும் ரவுட்டரும் பாதுகாப்பு அறைக்குள் (அவசரகாலத்தில் ஒதுங்குவதற்காக வீட்டுக்குள்ளேயே தடித்த சுவரோடு கட்டிய அறை) இருக்கின்றன. எங்களுடையது சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு.

சாதாரண 1080பி படங்கள் ஒழுங்காக ஓடுகின்றன. சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. முழு ப்ளூரே தரத்தில் உள்ள படங்களில் மழைக் காட்சியோ கூட்டமான சண்டைக் காட்சியோ வந்தால் படம் நின்று நின்று போகிறது. தங்கையின் திருமணத்தை 4கே தரத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் தாலி கட்டி முடித்து எல்லோரும் அட்சதை தூவும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. அம்மா அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க விரும்புகிறார்.

வீட்டில் 1 ஜிபிபிஎஸ் இணைய இணைப்பு இருக்கிறது. பைக்கு வலு போதாது, இன்டெல் என்100 சிறு கணினி வாங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா? பை 5 போதுமா? முன்பிருந்த மேசைக்கணினியின் விசிறிச் சத்தம் அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தது, அதனால் அதை மீண்டும் அந்த அறைக்குள் கொண்டுவர முடியாது.

#2 தெம்பனிஸ்_கதிர்

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். படம் திரைக்கு வர இரண்டு வேலைகள் நடக்கின்றன. கோப்பு என்ஏஎஸ் பெட்டியிலிருந்து படுக்கையறை வரை உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். வந்ததை விரித்துப் படமாக்க வேண்டும். தடை எதில் இருக்கிறது என்று தெரியாமல் கணினியை மாற்றினால் புதியதும் அதே அட்சதையில்தான் நிற்கும்.

விரிக்கும் வேலையில் பை 4 கெட்டிக்காரன். 2019இல் வந்த அந்தச் சில்லில் எச்இவிசி என்ற காணொளிச் சுருக்க வடிவத்தை 4கே தரத்தில் நொடிக்கு 60 சட்டகம் (தனித்தனிப் படம்) வரை விரிக்கத் தனிச் சுற்று இருக்கிறது. அதற்கு முந்தைய எச்.264 வடிவம் என்றால் 1080பி வரை. ப்ளூரே படங்களில் பெரும்பாலானவை எச்.264. திருமணக் காணொளி எச்இவிசியாக இருந்தால் கவலையில்லை. 4கே அளவில் எச்.264 ஆக இருந்தால் மட்டும் பை 4 தாங்காது. படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' விசையைத் தட்டுங்கள். வடிவம் எது, வன்பொருள் விரிக்கிறதா என்பதெல்லாம் திரையிலேயே வரும்.

ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளே எனக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டன. மழை, கூட்டம், அட்சதை! காணொளிச் சுருக்கம் என்பது பெரும்பாலும் முந்தைய சட்டகத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் எழுதிவைக்கும் வேலை. மணமேடையில் ஐயர் அமைதியாக மந்திரம் சொல்லும்போது மாறுவது கொஞ்சம்தான். நூறு பேர் அரிசியைத் தூவும்போது ஒவ்வொரு மணியும் ஒரு பக்கம் பறக்கிறது, முந்தைய சட்டகத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்தச் சில நொடிகளுக்குத் தரவு வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் ஏறலாம். டிவிடியில் காணொளிக்கு உச்சவரம்பு 9.8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). ப்ளூரேயில் 40, ஒலியும் சேர்ந்தால் 48. 4கே ப்ளூரே 100ஐத் தாண்டவும் இடம் உண்டு. கேமராவிலிருந்து நேராக வந்த 4கே கோப்பும் 100ஐ ஒட்டி இருப்பது வழக்கம்.

கோடி இயல்பாக வைத்திருக்கும் முன்சேமிப்பு 20 எம்பி (மெகாபைட்; 8 பிட் ஒரு பைட்). 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி, அதாவது 4 நொடிக்கான சரக்குதான் கையில் இருக்கும். வைஃபை அதற்கு மேல் தடுமாறினால் வட்டம் சுற்றும். கோடி 21இல் 'சேவைகள்' அமைப்புகளுக்குள்ளேயே இந்த அளவைக் கூட்டலாம். பழைய பதிப்புகளில் அதற்கென ஒரு அமைப்புக் கோப்பு எழுத வேண்டும்.

1 ஜிபிபிஎஸ் பற்றி. அது வெளியிலிருந்து உங்கள் ரவுட்டர் வரை வரும் வேகம். உங்கள் படம் வெளியிலிருந்து வரவில்லை. பெருஞ்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் வீட்டுச் சந்து குறுகலாக இருந்தால் வண்டி அங்கேதான் நிற்கும். உங்கள் சந்து பாதுகாப்பு அறைச் சுவர். கம்பி வலுவூட்டிய தடித்த கான்கிரீட்டும் எஃகுக் கதவும் அடைத்து நிற்கும் அறைக்குள் ரவுட்டரை வைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெளியே வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

லிப்ரெலெக்கின் நெட்வொர்க் கருவிகள் துணைநிரலில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவி இருக்கிறது. என்ஏஎஸ் பெட்டிக்கும் பைக்கும் இடையே அளந்து எண்ணைப் போடுங்கள். கதவைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை.

#3 வெண்ணிலா_ஈசூன்

கதிர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறு பாதிக்கு எதிர்வாதம் உண்டு.

2023இல் வந்த என்100 சில்லின் வெப்ப வரம்பு 6 வாட்தான். எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1 என்று இன்று புழங்கும் எல்லா வடிவங்களையும் வன்பொருளிலேயே விரிக்கும். பை 4க்கும் சரி, பை 5க்கும் சரி, ஏவி1 வன்பொருள் கிடையாது. அதோடு, இந்த வீட்டில் நாளைக்கு ஒருவர் கைப்பேசியில் பார்க்க விரும்புவார், இன்னொருவர் எம்ஆர்டி ரயிலில் போகும்போது பார்க்க விரும்புவார். 40 எம்பிபிஎஸ் கோப்பை அப்படியே கைப்பேசித் தரவில் அனுப்ப முடியாது. ஜெல்லிஃபின் போன்ற சேவையகம் அந்தக் கோப்பைப் போகிற போக்கில் சிறிதாக்கி அனுப்பும். என்100க்குள் இருக்கும் இன்டெல் குவிக்சிங்க் என்ற காணொளிச் சுற்று அதைச் சிரமமில்லாமல் செய்கிறது. ஈசூனில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை, ஆளுக்கொரு திரை. எல்லோருக்கும் ஒரே பெட்டிதான் பதில் சொல்கிறது.

பை 5 வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023இல் வந்த அதில் எச்.264க்கான வன்பொருளை எடுத்துவிட்டார்கள். எச்இவிசிக்கு மட்டும்தான் தனிச் சுற்று. 1080பி எச்.264 படத்தை அதன் செயலி மென்பொருளாலேயே விரித்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் படம் பார்ப்பதற்காக மட்டும் 4ஐ விட்டு 5க்குப் போவதில் அர்த்தம் இல்லை.

#4 தெம்பனிஸ்_கதிர்

வெண்ணிலா அக்கா, என்100 நல்ல சில் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அது எந்த அறையில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நீங்கள் சொன்ன வேலை சேவையகத்தின் வேலை. அது பாதுகாப்பு அறைக்குள், என்ஏஎஸ் பக்கத்தில் இருக்கட்டும். படுக்கையறைத் தொலைக்காட்சியிடம் போய் யாரும் படத்தைச் சிறிதாக்கச் சொல்வதில்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வீட்டுக்குள் கோப்பை மாற்றவே மாற்றாதீர்கள். பலர் ஒரு சேவையகத்தை நிறுவிவிட்டு, அது எல்லாப் படத்தையும் நசுக்கி மறுபடி சுருக்கி அனுப்புவதைக் கவனிப்பதில்லை. ஒளிப்பதிவாளர் இருட்டுக்குள் விட்டுவைத்த மென்மையான நிழல்கள் எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். பணம் கொடுத்து வாங்கிய தரத்தை நம் வீட்டுக்குள்ளேயே நாமே அழிப்பதா? அசல் கோப்பு அப்படியே போகட்டும். என்எஃப்எஸ் அல்லது எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகக் கோடி நேரடியாகத் திறந்து படிக்கட்டும். சேவையகம் ஒரு வன்தட்டைப் படித்து அனுப்பினால் போதும். அதற்கு எந்தப் பழைய என்ஏஎஸ் பெட்டிக்கும் வலு உண்டு.

மின்கட்டணத்தையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு யூனிட் ஏறத்தாழ 30 காசு என்று வைத்துக்கொண்டால், 5 வாட் எடுக்கும் பை ஆண்டு முழுதும் அணையாமல் இருந்தாலும் 13 வெள்ளிதான். 10 வாட் எடுக்கும் சிறு கணினிக்கு 26 வெள்ளி. 80 வாட் எடுக்கும் பழைய மேசைக்கணினியை அப்படியே விட்டுவைத்தால் 210 வெள்ளி. அந்த 80 வாட்டும் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்குகிறது. அதை வெளியேற்ற குளிர்சாதனத்துக்கும் தனியாகக் கட்டணம்.

#5 பழைய_தட்டு

செங்காங் தம்பிக்கு வணக்கம். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. டிவிடிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. சிராங்கூன் சாலையில் வாங்கியவை பாதி, சென்னைக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்தவை பாதி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். டிவிடி வட்டாரக் குறியீட்டில் சிங்கப்பூர் 3, இந்தியா 5. ப்ளூரேயில் நாம் ஏ, இந்தியா சி. எல்லா வட்டாரத்துக்கும் என்று வெளியான இந்தியத் தட்டுகளும் நிறையவே உண்டு, ஆனாலும் உறையின் பின்புறம் பார்க்காமல் வாங்கினால் இங்குள்ள கருவியில் ஓடாமல் போகலாம். ஒரே மொழி பேசுகிற மக்களுக்கு நடுவே இப்படி ஒரு வேலி போட்டிருப்பது எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

இந்தத் தட்டுகளையும் சின்னக் கணினியில் பார்க்க முடியுமா?

#6 தெம்பனிஸ்_கதிர்

ஐயா, டிவிடியின் வடிவம் எம்பெக்-2. பை 3 வரை அதை வன்பொருளில் விரிக்கத் தனியாக உரிமச் சாவி வாங்க வேண்டியிருந்தது. பை 4இன் செயலிக்கு டிவிடி அளவுப் படம் பொருட்டே இல்லை, சாவி தேவையில்லை. யூஎஸ்பி டிவிடி இயக்கியைச் செருகினால் கோடி நேராக ஓட்டும். இயக்கிக்குத் தனி மின்சாரம் கொடுப்பது நல்லது.

தட்டின் பூட்டை உடைத்துக் கோப்பாக மாற்றுவது பற்றி இங்கே வழி சொல்ல மாட்டேன். பதிப்புரிமைச் சட்டம் அந்தப் பூட்டுகளுக்குத் தனிப் பாதுகாப்பு கொடுக்கிறது. பூட்டு இல்லாத தட்டுகள், குடும்ப விழாப் பதிவுகள், நாடகக் குழுக்கள் தாங்களே பதிவு செய்து கொடுத்தவை ஆகியவற்றைத் தயங்காமல் சேமித்து வையுங்கள். எரித்த தட்டுகள் நிரந்தரமானவை அல்ல. மேடை நாடகப் பதிவு ஏதேனும் உங்களிடம் இருந்தால் அதை முதலில் காப்பாற்றுங்கள் ஐயா. அது வேறு யாரிடமும் இல்லாமலே போகலாம்.

#7 உட்லண்ட்ஸ்_கம்பியாளர்

வீட்டுக்கு வலைக்கம்பி இழுப்பதுதான் என் தொழில். இந்த இழையில் எல்லோரும் சில்லைப் பற்றிப் பேசுகிறார்கள், கம்பியைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

முதலில், பாதுகாப்பு அறையின் சுவரைக் குடைந்து கம்பி கொண்டுபோகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது உயிர்காக்கும் அறை. விதிகள் கடுமையானவை, இருக்கவும் வேண்டும். ரவுட்டரை அந்த அறைக்குள் வைத்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பல வீடுகளில் ரவுட்டரை வெளியே கூடத்துக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை போய்விடுகிறது. அழகு கெடும் என்று பெட்டிக்குள் மறைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மரப் பெட்டி பரவாயில்லை, உலோகப் பெட்டி வேண்டாம்.

புதிய பிடிஓ (முன்பதிவின்பேரில் கட்டித்தரும் வீவக) வீடுகளில் படுக்கையறைச் சுவரிலேயே வலைக்கம்பி செருகும் ஆர்ஜே45 புள்ளி இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது, கட்டிலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கட்டிலை நகர்த்திப் பாருங்கள். பழைய வீட்டில் அது இருக்காது. அங்கே கூரையோரம் பிளாஸ்டிக் குழாய்க்குள் கேட்6 வலைக்கம்பி இழுப்பதுதான் நேர்வழி. வெள்ளை அடித்தால் கண்ணில் படாது.

கம்பி இழுக்கவே முடியாத வீட்டுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நம் நாட்டில் கேபிள் தொலைக்காட்சிச் சேவை 2019இல் நின்றுவிட்டது. அதற்காகப் போட்ட கோஆக்சியல் கம்பி இன்னும் பல வீடுகளின் சுவருக்குள் சும்மா கிடக்கிறது. இரண்டு முனையிலும் கோஆக்சியல் வழியாகத் தரவு அனுப்பும் மோக்கா இணைப்பிகள் வைத்தால் அதில் நூற்றுக்கணக்கான எம்பிபிஎஸ் ஓடும். அறைப் புள்ளிகள் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், நடுவில் உள்ள பிரிப்பானும் அந்த அதிர்வெண்ணை விட வேண்டும். வாங்கும் முன் இதைச் சோதித்துவிடுங்கள். மின்கம்பி வழியாகத் தரவு அனுப்பும் இணைப்பிகளும் உண்டு. அவற்றைச் சுவரில் நேராகச் செருக வேண்டும். மின்னெழுச்சித் தடுப்பு உள்ள பல்முனைப் பலகையில் செருகினால் வேகம் செத்துப்போகும்.

இன்னொன்று: தொலைக்காட்சிகளில் இருக்கும் கம்பித் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். பை 3இன் துளையும் அப்படியே. நடைமுறையில் 94 அளவில் நின்றுவிடும். பை 3பி+இல் பெயருக்கு கிகாபிட், ஆனால் யூஎஸ்பி 2 வழியாகப் போவதால் 300ஐத் தாண்டாது. பை 4இல்தான் உண்மையான கிகாபிட் துளை வந்தது.

#8 செங்காங்வாசி

அளந்துவிட்டேன். பாதுகாப்பு அறைக் கதவு திறந்திருக்கும்போது வைஃபையில் 85 எம்பிபிஎஸ் வரை வருகிறது. கதவை மூடினால் 30க்கும் 40க்கும் இடையே ஆடுகிறது, இடையிடையே 12க்கும் இறங்குகிறது. திருமணக் காணொளி எச்இவிசிதான். வன்பொருள் விரிக்கிறது, தவறிய சட்டகம் ஒன்றும் இல்லை. அட்சதை வரும்போது தரவு வேகம் 110ஐத் தொடுகிறது.

அறையைச் சுத்தம் செய்துவிட்டு அம்மா அந்தக் கதவை மூடும் நேரம்தான் படம் மோசமாக நிற்கும் நேரம் என்பதும் இப்போது புரிகிறது.

கம்பியாளர் அண்ணன் சொன்னபடி கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். சுவரில் ஆர்ஜே45 புள்ளி இருக்கிறது! மறுமுனை மின்பலகைக்கு அருகில் உள்ள சிறு பெட்டியில் முடிகிறது. ரவுட்டரிலிருந்து அதுவரை ஒரு கம்பி கொடுத்தால் போதும் போலிருக்கிறது.

வேறு ஒரு சந்தேகம். சில படங்களில் படம் ஓடுகிறது, ஒலி மட்டும் வருவதில்லை. அது எதனால்?

#9 வெண்ணிலா_ஈசூன்

ஒலித்தடம் டிடிஎஸ் என்ற ஒலி வடிவத்தில் இருக்கும். பல தொலைக்காட்சிகள் இப்போது டிடிஎஸ் ஒலியைப் புரிந்துகொள்வதில்லை. கோடியின் ஒலி அமைப்புகளில் 'பாஸ்த்ரூ' முடுக்கப்பட்டிருந்தால் ஒலியை விரிக்காமல் அப்படியே தொலைக்காட்சிக்குத் தள்ளிவிடும். அதை அணைத்துவிடுங்கள், கோடியே விரித்துக் கொடுக்கும். தனியாக ஒலிபெருக்கிக் கருவி வைத்திருப்பவர்கள் மட்டும் பாஸ்த்ரூ வைத்துக்கொள்ளலாம்.

வயதானவர்களுக்கு வசனம் கேட்கவில்லை, சண்டைச் சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆறு ஒலிபெருக்கிக்கான 5.1 தடத்தை இரண்டு ஒலிபெருக்கிக்குச் சுருக்கும்போது நடு அலைவரிசையின் அளவைக் கூட்டும் தேர்வு புதிய கோடி பதிப்புகளில் உண்டு. என் மாமியாருக்கு அதைச் செய்து கொடுத்த பிறகுதான் அவர் முழுப் படம் பார்க்கிறார்.

#10 நள்ளிரவுப்பறவை

இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லாப் புதுப் படமும் வருகிற பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கிச் செருகினால் முடிந்துவிடாதா? முன்பெல்லாம் மின்பொருள் கடைகளில் வெளிப்படையாகவே விற்றார்களே.

#11 தெம்பனிஸ்_கதிர்

விற்றார்கள். 2021இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு, திருட்டுப் படங்களைக் காட்டும் பெட்டிகளை விற்பதும் அதற்கான செயலியை நிறுவிக் கொடுப்பதும் இங்கே சட்ட நடவடிக்கைக்கு உரியவை. தமிழ்ப் படத்துக்கு இந்தச் சிறிய சந்தையிலிருந்து போகும் பணமே குறைவு. அதையும் பிடுங்கும் பெட்டியை நம் கூடத்தில் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அந்தப் பெட்டிக்குள் வேறு என்ன மென்பொருள் ஓடுகிறது, வீட்டுக் கட்டமைப்பில் எதை வேவு பார்க்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

சந்தாச் சேவைகளில் முறையாகப் பார்க்க விரும்பினால் பை அதற்கு ஏற்ற கருவி அல்ல என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சேவைகள் வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பின் உயர்நிலைச் சான்று பெற்ற கருவிகளுக்குத்தான் 4கே தரம் கொடுக்கின்றன. பைக்கு அந்தச் சான்று இல்லை. அதற்குத் தொலைக்காட்சியின் சொந்தச் செயலியோ சான்று பெற்ற சிறு ஸ்டிக்கோ போதும். நம் கையில் கோப்பாக இருப்பதைப் பார்ப்பதற்குத்தான் பையும் கோடியும்.

#12 பழைய_தட்டு

கதிர் சொன்னது சரி. இன்னொன்றும் கேட்கிறேன். வசந்தம் என்ற தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழியையும் இதே பெட்டியில் வரவைக்க முடியுமா? இரண்டு தொலைஇயக்கிகளை மாற்றி மாற்றிப் பிடிப்பது என் மனைவிக்குச் சிரமமாக இருக்கிறது.

#13 உட்லண்ட்ஸ்_கம்பியாளர்

முடியும் ஐயா. நம் நாட்டின் இலவச ஒளிவழிகள் டிவிபி-டி2 என்ற மின்னிலக்க ஒளிபரப்பு முறையில் வருகின்றன. 2019 தொடங்கியபோது பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. ராஸ்பெரி பையின் தலைமேல் பொருத்தும் டிவி ஹேட் என்ற சிறு பலகை 2018இல் வந்தது, அது டிவிபி-டி2 அலைகளைப் பிடிக்கும். யூஎஸ்பி வாங்கிகளும் உண்டு. சன்னலோரம் ஒரு சிறிய அலைவாங்கி, ஒளிவழிகளைக் கோடிக்கு அனுப்பும் டிவிஹெட்எண்ட் மென்பொருள், இவ்வளவுதான். வசந்தம் கோடிக்குள்ளேயே ஒளிவழியாகத் தெரியும், பதிவும் செய்துகொள்ளலாம். அலைவாங்கி சன்னல் பக்கம் இருக்க வேண்டியிருப்பதால் அதற்குத் தனியாக ஒரு பழைய பை வைத்து, படுக்கையறைப் பெட்டிக்குக் கம்பி வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது.

தொலைஇயக்கிக்கு எச்டிஎம்ஐ-சிஇசி. தொலைக்காட்சி அமைப்பில் அதை முடுக்கிவிட்டால் தொலைக்காட்சியின் தொலைஇயக்கியே கோடியையும் இயக்கும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கிறது, அமைப்புப் பட்டியலில் தேட வேண்டியிருக்கும். பை 4இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் உண்டு. மின்துளைக்கு அருகில் இருப்பதில் செருகுங்கள்.

#14 வெண்ணிலா_ஈசூன்

இந்த இழையைப் படிப்பவர்கள் பை வாங்கும்போது மின்னூட்டியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். கைப்பேசி மின்னூட்டியைப் போட்டால் திரையோரம் மஞ்சள் மின்னல் குறி வரும். மின்னழுத்தம் குறைகிறது என்று பொருள். அப்போது செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நினைவக அட்டையும் கெடலாம். நம் ஊர் வெக்கையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் காற்றோட்டமும் வேண்டும். 80 டிகிரியைத் தொட்டால் அது தானாகவே தளர்ந்துவிடும். அலுமினிய உறை ஒன்று போதும், விசிறி வேண்டாம்.

யூஎஸ்பி 3 வன்தட்டைப் பையிலேயே செருகி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் பயன்படுத்துபவர்கள் வன்தட்டின் கம்பியைத் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3இன் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுந்து வைஃபையைக் கெடுக்கும். இது அளந்து உறுதிசெய்யப்பட்ட விஷயம்.

#15 செங்காங்வாசி

ரவுட்டரிலிருந்து மின்பலகைப் பெட்டி வரை கேட்6 கம்பி போட்டு, படுக்கையறைப் புள்ளியில் பையைச் செருகிவிட்டேன். ஐபெர்ஃப்3 இப்போது 940 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பாதுகாப்பு அறைக் கதவு மூடியிருந்தாலும் எண் மாறுவதில்லை. திருமணக் காணொளி முதலிலிருந்து கடைசி வரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மழைக் காட்சிகளும் அப்படியே. புதிதாகக் கணினி எதுவும் வாங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகக் கம்பியாளர் அண்ணனுக்கு.

மீதம் இருப்பவை இரண்டு. கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சிகளில் படம் லேசாகத் தட்டித் தட்டிப் போகிறது. நிற்பதில்லை, ஆனால் வழுவழுப்பாக இல்லை. தமிழ் வசன வரிகள் சில படங்களில் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

#16 தெம்பனிஸ்_கதிர்

முதலாவதற்குக் காரணம் திரையின் வேகம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம், உங்கள் திரை இப்போது 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். 24, 60ஐச் சரியாக வகுக்காது. அதனால் ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் தட்டல் அதுதான். கோடியின் பிளேயர் அமைப்புகளில் திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் தேர்வு இருக்கிறது. 'தொடக்கத்திலும் முடிவிலும்' என்று வையுங்கள். படம் தொடங்கும்போது திரை ஒரு கணம் கறுத்து 24க்கு மாறும், அது பழுதல்ல என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழைய தட்டு ஐயா வசந்தம் பார்க்கும்போது அதே தேர்வு திரையை 50க்குக் கொண்டுபோகும்.

இரண்டாவது, எழுத்துரு. கோடியின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் கட்டம்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கோடியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, வசன வரி அமைப்பில் தேர்ந்தெடுங்கள். அப்போதும் எழுத்து குழம்பினால் வசனக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியேற்றத்தில் இருக்கலாம், அதை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் போதும். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் கோடியைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோங்கள்.

#17 செங்காங்வாசி

இரண்டும் சரியாகிவிட்டன. எழுத்துருவைச் சற்றுப் பெரிதாக்கி, அடியில் கறுப்புப் பட்டையும் வைத்திருக்கிறேன். அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார்.

#18 பழைய_தட்டு

கம்பியாளர் தம்பி, ஈசூன் பக்கம் வேலைக்கு வந்தால் இங்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் கட்டடம் எண்பதுகளில் கட்டியது, சுவரில் எந்தப் புள்ளியும் இல்லை. கூரையோரக் குழாய்தான் போட வேண்டியிருக்கும். என்னிடம் சில மேடை நாடகப் பதிவுகள் எரித்த தட்டுகளில் இருக்கின்றன. கம்பி வரும் முன்பே அவற்றைக் கோப்பாக்கும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

#19 உட்லண்ட்ஸ்_கம்பியாளர்

வருகிறேன் ஐயா. கூரையோரக் குழாயை வாசல் கதவுக்கு மேலே கொண்டுபோக வேண்டாம், கதவு அடிபட்டே குழாய் பெயர்ந்துவிடும். எந்த அறைக்கு எத்தனை முனை வேண்டும் என்று முடிவு செய்து வையுங்கள். ஒரு கம்பி இழுக்கும் இடத்தில் இரண்டாக இழுத்துவிடலாம், கூலி ஒன்றுதான்.